பேட்டரி முள் ஏறிய காரணம்

தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைத்த நேரத்தில் அறைக்குள்ளிருந்து மெஷின் கத்தத் தொடங்கியது. நீளமான ஒரே கத்தல். கெட்டில்தான் கொதிக்கிறது என்று முதலில் நினைத்தேன். தொட்டுப் பார்த்தால் தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். என் கணவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய் இருந்தது, காற்று வரவில்லை. ஒரு கையால் மெத்தையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ‘மெதுவா, மெதுவா’ என்பதுபோல் எனக்குச் சைகை காட்டினார். மூச்சு முட்டுகிறவர் அவர். ஆறுதல் எனக்கு.

சின்ன சிலிண்டரை உருட்டி வந்து மூக்குக் குழாயை அதில் மாட்டினேன். அவசரத்துக்கென்று ஆஸ்பத்திரியில் பழக்கிவிட்ட வேலை, கை தானாகச் செய்தது. மெஷினின் கத்தலை நிறுத்தினேன். வீடு அமைதியான பிறகுதான் ஐஸ்பெட்டியும் ஓடவில்லை, காற்றாடியும் நின்றுவிட்டது என்று தெரிந்தது. சமையலறைச் சுவரில் பேட்டரியின் அளவைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டில் படுத்துக் கிடந்தது.

“தண்ணி கொறஞ்சிருக்கும்லா,” என்றார் அவர்.

“மூணு நாளா மழ. தண்ணி எப்படிக் கொறையும்?”

பேச்சுக்கும் மூச்சு வேண்டும். அந்த நாட்களில் எங்கள் சண்டைகள் சீக்கிரமே முடிந்துவிடும்.

மின்கம்பம் நின்றுபோன இடம்

கல்குவாரி நாட்களைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, “இவ்வளவு நோயோடு அவரைக் காட்டோரத்தில் ஏன் வைத்திருந்தீர்கள், தனம்?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். இந்த வாரம் அதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன். சொன்ன பிறகும் அவருக்குத் திருப்தி வருமா என்று தெரியவில்லை. எனக்கே வந்ததில்லை.

என் கணவர் முத்தையா வாலிபம் முழுவதும் கல்குவாரி லோரி ஓட்டியவர். அந்தத் தூசி நுரையீரலில் படிந்து, வேலையை விட்ட பிறகும் அவரை விடவில்லை. கடைசி வருடங்களில் குளிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் ஆக்சிஜன் வேண்டியிருந்தது. அறைக்காற்றை இழுத்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்றை சிரம்பான் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு சின்ன மேசை உயரம் இருக்கும். பகலும் இரவும் ‘புஸ்... டொக், புஸ்... டொக்’ என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். அதற்குக் கரண்டு வேண்டும்.

எங்களுக்குக் கம்பத்துக் கரண்டு இல்லை. நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் கைமாறி, நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்தபோது, கையில் கிடைத்ததைக் கொண்டு மலையடிவாரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கினோம். டுரியான், டுக்கு என்று பழமரங்கள் வைத்தோம். பலகையில் வீடு கட்டினோம். கீழே எண்ணெய்க்குச் செம்பனை வளர்க்கும் கம்பெனியின் ஆபீஸ் வரைக்கும் மின்கம்பம் வந்திருக்கிறது. அதற்கு மேலே ஒரே ஒரு வீட்டுக்காக யார் கம்பம் நடுவார்கள்?

ஆனால் ஓடை இருந்தது. மலைக்காட்டிலிருந்து வருகிற ஓடை, வெயில் காலத்திலும் வற்றாதது. அதில் கரண்டு எடுத்துக் கொடுத்தவர் என் கொழுந்தனார் ஜெயபாலன். கெமாஸில் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற கையோடு எங்கள் வீட்டில் வந்து தங்கி, மேலே ஓடையில் கல்லும் சிமெண்டும் வைத்து ஒரு சின்னத் தடுப்பு கட்டினார். அதிலிருந்து கறுப்புக் குழாய் ஒன்றை ரப்பர் காட்டு வழியாகச் சரிவில் இறக்கினார். கீழே ஒரு தகரக் கொட்டகை. குழாயின் முனையில் குறுகிய மூக்கு. அதிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீர், ஓரமெல்லாம் கரண்டிகள் வைத்த சக்கரத்தில் அடிக்கும். சக்கரம் சுற்றினால் ஜெனரேட்டர் சுற்றும், பேட்டரி ஏறும், வீட்டில் விளக்கு எரியும். அவ்வளவுதான்.

முதல் நாள் விளக்கு எரிந்தபோது முத்தையா தம்பியின் முதுகில் ஓங்கி ஓர் அடி கொடுத்தார். அது அவர் பாராட்டுகிற முறை.

சத்தம் எப்படி இருக்கு, அண்ணி?

அந்த மழைக்காலத்தில் ஜெயபாலனால் வர முடியவில்லை. சர்க்கரை நோயில் அவருடைய ஒரு பாதத்தை எடுத்திருந்தார்கள். போன் இருந்தது. எங்கள் நிலத்தில் சிக்னல் கிடைக்கிற இடம் மேட்டில் நிற்கும் பெரிய டுரியான் மரத்தடி ஒன்றுதான். ஆகவே போன் பேசுவதற்கும் நான் மேடு ஏற வேண்டும். எனக்கு அப்போதே முட்டி வலி ஆரம்பித்திருந்தது.

“பெரும்பாலும் மேல தடுப்புல இருக்கற கம்பி வலதான் அண்ணி,” என்றார் அவர். “மழையில எல வந்து அப்பிக்கும். போய் வழிச்சி விடுங்க.”

ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, பாராங் கத்தியால் வழியை வெட்டிக்கொண்டு ஏறினேன். யாரும் பால் வெட்டாத பழைய ரப்பர் மரங்கள். தரையெல்லாம் ஊறிய இலை. காலை எங்கே வைத்தாலும் வழுக்கும். மேலே போய்ப் பார்த்தால் ஜெயபாலன் சொன்னது போலவே தடுப்பின் முன்னால் இருந்த கம்பி வலையில் இலைகள் அப்பிக் கிடந்தன. இடுப்பு வரை தண்ணீரில் நின்று கையாலேயே வழித்துப் போட்டேன். தண்ணீர் எலும்பு வரைக்கும் குளிர்ந்தது.

இறங்கி வந்து பேட்டரி முள்ளைப் பார்த்தேன். கொஞ்சம் ஏறியிருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! ஈரத்துணியோடு அறைக்குள் போய், “ஏறிருச்சிங்க,” என்றேன்.

“அதான் ஏறிருச்சே. நாளைக்குப் போவாத,” என்றார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகம் மட்டும் களைத்திருந்தது. காலையில் கரண்டு இல்லாமல் தவித்த களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் முள் திரும்பவும் இறங்கியிருந்தது. திரும்பவும் ஏறினேன், வழித்தேன், இறங்கினேன். முள் ஏறியிருந்தது. அடுத்த நாளும் அப்படியே. நான் மேலே போய் வந்தால் முள் ஏறும். இரவில் இறங்கும். சரி, தினமும் வலையை வழித்தால் போதும், இதுதான் இனி நம் பிழைப்பு என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டேன்.

டுரியான் மரத்தடியிலிருந்து ஜெயபாலனிடம் இதைச் சொன்னேன்.

“சத்தம் எப்படி இருக்கு, அண்ணி?” என்று கேட்டார்.

“என்ன சத்தம்?”

“சக்கரம். முன்னெல்லாம் விசில் மாதிரி கேக்குமே, வீட்டு வாசல் வரைக்கும்.”

நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டேன். கொட்டகையிலிருந்து ஒரு மந்தமான முனகல்தான் வந்தது, வயசானவர் திண்டாடி எழுந்திருக்கும்போது விடுவாரே, அந்த மாதிரி.

“விசில் இல்ல தம்பி.”

“அப்ப முள்ளு எப்படி ஏறும்?” என்றார்.

இஞ்சின் யாருக்குச் சொந்தம்

இங்கே வேறொன்று சொல்லத் தோன்றுகிறது.

நான் பிறந்த தோட்டத்தில் கரண்டு என்பது ஆலை இஞ்சினோடு வருவது, இஞ்சினோடு போவது. இருட்டி கொஞ்ச நேரத்தில் இஞ்சினை நிறுத்திவிடுவார்கள். லயம் முழுக்க ஒரே நொடியில் இருண்டு போகும். பெரிய கிராணி என்கிற தலைமைக் குமாஸ்தா வீட்டில் மட்டும் வெளிச்சம் இருக்கும், அவருக்குத் தனி வயர்.

என் தங்கை பிறந்த அன்று அம்மாவுக்கு வலி கண்டிருக்கும்போதே இஞ்சின் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிடச் சொல்லி அப்பா மேற்பார்வைக்காரர் மண்டோரிடம் போய்க் கேட்டார். “இஞ்சின் தொரைக்குச் சொந்தம், எனக்கா சொந்தம்?” என்றாராம் மண்டோர். தங்கை மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பிறந்தாள். அப்பா அந்தப் பதிலைச் சாகிற வரைக்கும் மறக்கவில்லை.

அதனால் சொந்தமாக ஓர் இஞ்சின் என்று வந்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சொந்த இஞ்சின் என்றால் அது நிற்கும்போதெல்லாம் ஓடவேண்டியதும் நாம்தான் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

மறந்துவிட்ட ஸ்பேனர்

அடுத்த நாள் ஜெயபாலன் வேறு வேலை சொன்னார். கொட்டகையில் குழாய் மூக்கைக் கழற்றி உள்ளே கல் ஏதும் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதி வழி போன பிறகுதான் ஸ்பேனரை வீட்டிலேயே வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது. என்னையே திட்டிக்கொண்டு திரும்பினேன்.

படியில் கால் வைத்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. வீடு அமைதியாக இருந்தது. ‘புஸ்... டொக்’ இல்லை.

அவர் ஜன்னல் ஓரமாக நாற்காலியில், முட்டியின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. உதடு நாவல் பழம் தின்றவர் உதடு போல இருந்தது. மெஷினின் சுவிட்ச் அணைந்திருந்தது. மூக்குக் குழாய் ஒழுங்காகச் சுருட்டி அதன் மேல் வைக்கப்பட்டிருந்தது. அவசரத்துக்கான சின்ன சிலிண்டர் முதல் நாளே தீர்ந்துபோயிருந்தது.

சுவிட்சைப் போட்டேன். குழாயை எடுத்து அவர் மூக்கில் மாட்டினேன். அவர் இழுத்து இழுத்து மூச்சு விட்டார். உதட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பிய பிறகு கேட்டேன்.

“எப்ப அடைச்சீங்க?”

“நீ போனதும்.”

“நேத்து?”

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“முந்தா நாளு?”

“முள்ளு ஏறினா... நீ மேல போவமாட்டேன்னு நெனச்சேன்,” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

பேட்டரி முள் ஏறியதற்குக் காரணம் நான் வழித்துப்போட்ட இலை இல்லை. வீட்டிலேயே அதிகக் கரண்டு தின்கிற மெஷினை, நான் மலையில் இருந்த நேரமெல்லாம் அவர் அணைத்து வைத்திருந்தார். என் பூட்ஸ் சத்தம் வாசலில் கேட்டதும் திரும்பப் போட்டிருக்கிறார். ஸ்பேனருக்காக நான் எதிர்பாராத நேரத்தில் திரும்பி வந்ததால் அன்று மாட்டிக்கொண்டார்.

நான் கத்தினேன். திருப்பிக் கத்த அவருக்கு மூச்சில்லை என்று தெரிந்தும் கத்தினேன்.

“நான் அங்க இடுப்பளவு தண்ணியில நின்னு எல பொறுக்கறேன். நீங்க இங்க உசுர அடைச்சி வச்சிட்டு உக்காந்திருக்கீங்களா? நான் எறங்கி வரும்போது நீங்க இல்லாம போயிருந்தா?”

“நீ வழுக்கி விழுந்திருந்தா?” என்றார்.

சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன். காலுறைக்குள் அட்டை ஒன்று ரத்தம் குடித்துப் பருத்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். எழுந்து வந்து எடுத்துவிட அவரால் முடியாது. “உப்பு வையி,” என்று மட்டும் சொன்னார்.

நான் போன் செய்ததும், அன்று சாயங்காலமே எங்கள் மகள் கவிதா நீலாய் டவுனிலிருந்து பெரிய சிலிண்டர் ஒன்றைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. அடுக்குமாடியில் தனியாக ஒரு வீடு எடுத்து இருந்தாள். நடந்ததைக் கேட்டு அப்பாவின் எதிரில் நின்றுகொண்டே அழுதாள்.

“வந்துருங்கப்பா. லிப்ட் இருக்கு, கரண்டு இருக்கு. நடந்து போற தூரத்துல கிளினிக் இருக்கு. டாக்டரும் அதானே சொன்னாரு?”

“நான் வரல,” என்றார் அவர்.

கவிதா என்னைப் பார்த்தாள். நான் உப்பு வைத்த காலைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

நாலு தரம் ஏறி, நாலு தரம் இறங்கி

நடந்ததை ஜெயபாலனிடம் சொன்னேன். “இனிமே பேட்டரி முள்ள நம்பாதீங்க அண்ணி, அதுல அண்ணன் கை இருக்கு. கொட்டகையில குழா மேல ஒரு முள்ளு இருக்கே, அத மட்டும் பாருங்க,” என்றார்.

அது தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டுகிற முள். சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் வால்வை முழுதாக மூடச் சொன்னார். மூடினேன். முள் எப்போதும் நிற்கிற உயரத்துக்கு ஏறி நின்றது. பிறகு திறந்து பார்க்கவும் சொல்லியிருந்தார். திறந்த மாத்திரத்தில் பொத்தென்று கீழே விழுந்தது.

மேட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். கொட்டகையில் சிக்னல் கிடையாது.

“மூக்கு அடைச்சிருந்தா முள்ளு விழாது,” என்றார். “மேல தண்ணி பத்தலன்னா கொஞ்சம் கொஞ்சமா எறங்கும், குழா காத்த துப்பும். துப்புதா?”

“இல்ல.”

“அப்ப நடுவுல எங்கயோ குழா நெரிஞ்சிருக்கு. நின்ன தண்ணிக்கு அது தெரியாது. ஓடற தண்ணிக்குத்தான் தெரியும்.”

எங்கே நெரிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, குழாயின் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதுவரைக்கும் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பது. கேட்கச் சுலபமாக இருக்கும். மேலே போய்த் தண்ணீரை அடைக்க வேண்டும். இறங்கி வந்து இணைப்பைக் கழற்ற வேண்டும். திரும்பவும் மேலே போய்த் திறந்துவிட வேண்டும். இறங்கி வந்து பார்க்க வேண்டும். ஓர் இணைப்புக்கு இரண்டு தரம் மலை. கவிதா லீவு போட்டு அப்பாவோடு இருந்ததால்தான் என்னால் போக முடிந்தது. அவள் கண்ணெதிரில் அவர் சுவிட்சைத் தொட மாட்டார்.

முதல் இணைப்பில் தண்ணீர் என் தொடைப் பருமனுக்குக் கொட்டியது. பிறகு ரப்பர் காட்டைக் கடந்து, செம்பனைக் கம்பெனியின் மண்பாதையையும் தாண்டிக் கீழே இருந்த இணைப்பைக் கழற்றினேன். அங்கே வந்தது கைக்குழந்தை மூத்திரம் மாதிரி. அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் ஒரு பக்கம். எழுந்திருக்க உடம்பு ஒத்துழைக்கவில்லை என்பது இன்னொரு பக்கம்.

இரண்டு இணைப்புக்கும் நடுவில் குழாய் கண்ணுக்குத் தெரியாமல் போகிற இடம் ஒன்றுதான். மண்பாதைக்கு அடியில் புதைத்திருந்தார் ஜெயபாலன்.

டிராக்டரை நிறுத்தினேன்

அந்தப் பாதையில் முன்பெல்லாம் மோட்டார் சைக்கிள் தவிர ஒன்றும் வராது. அன்று பார்த்தால் சகதியில் ஆழமாக இரட்டைக் கோடு விழுந்திருந்தது. மழையில் கம்பெனியின் பெரிய பாதை சரிந்துபோய், செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர்கள் இந்த வழியாகச் சுற்றி வர ஆரம்பித்திருந்தன. எங்களுக்கு அது தெரியாது, நான் மலையேறுகிற வழி இந்த இடத்தைத் தொடாது.

பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒன்று வந்தது. பின்னால் டிரெய்லர் நிறையக் குலை. நான் பாதைக்கு நடுவே போய் நின்று இரண்டு கையையும் விரித்தேன். என் கோலத்தைப் பார்த்து டிரைவர் பயந்திருக்க வேண்டும். தலை முதல் கால் வரை சேறு, கையில் பாராங்.

அவர் வங்காளதேசத்துக்காரர், பெயர் ரஹீம். பாதி மலாயும் பாதி தோட்டத்துத் தமிழுமாகப் பேசினார். நான் மூக்கில் குழாய் வைப்பது போல் காட்டி, மூச்சு இழுத்துக் காட்டி, பாதையையும் கொட்டகையையும் கை நீட்டிக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். டிராக்டரை ஓரம் கட்டிவிட்டு மண்வெட்டியோடு இறங்கினார்.

இருவரும் தோண்டினோம். குழாயின் மேல் ஜெயபாலன் பாதுகாப்புக்கு அடுக்கியிருந்த பலகைகள் மக்கிப்போய், கையால் தொட்டாலே உதிர்ந்தன. அதற்குக் கீழே குழாய் சப்பையாக, மிதிபட்ட பாம்பு மாதிரி கிடந்தது.

“சூடா மாத்தி, அம்மா,” என்றார் ரஹீம். செத்துப்போச்சு என்று மலாயில் சொன்னார்.

நான் சிரித்தேன். பல நாளாகத் தேடிய ஒன்றைச் செத்துக் கிடக்கிற நிலையில் பார்த்ததும் ஏன் சிரிப்பு வந்ததோ தெரியவில்லை. சிரிப்பு நிற்காமல் கண்ணீர் வந்தபோது ரஹீம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோண்ட வேண்டியதற்கும் அதிகமாகவே தோண்டினார்.

மறுநாள் கவிதா சிரம்பான் இரும்புக் கடையிலிருந்து குழாய்த் துண்டும் இணைப்புகளும் வாங்கி வந்தாள். ரஹீம் தன் மண்டோரிடம் கேட்டு, கம்பெனியின் கழிவுக் குவியலிலிருந்து தடித்த இரும்புக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். எங்கள் குழாயை அதற்குள் நுழைத்துப் புதைத்தோம். இனி டிராக்டர் போனாலும் பாரம் இரும்பின் மேல்தான். மண்ணை மூடியதும் ரஹீம் வெறுங்காலால் அதன் மேல் குதித்துக் குதித்துப் பார்த்தார்.

கடைசியாக ஒரு தரம் மேலே போய்த் திறந்துவிட்டேன். ரப்பர் காட்டு வழியாக இறங்கி வரும்போதே கேட்டது. மெல்லிய, நீளமான விசில். கொட்டகையில் அழுத்த முள் விழாமல் நின்றது. கை நீட்டிக் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அவர் சொன்னது

வீட்டுக்கு வந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காற்றாடி சுற்றியது. கவிதா பின்புறம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தார். உதடு சாதாரணமாக இருந்தது.

“சத்தம் கேட்டுச்சி,” என்றார்.

“ம்.”

“சரியாயிடுச்சா?”

“நல்லா சரியாயிடுச்சி. இனி எவ்ளோ வேணும்னாலும் ஓட்டலாம்.”

கட்டிலின் காலில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். குளிக்க வேண்டும், சேறு நாறுகிறது, எழுந்திருக்கணும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. அப்போது, நான் யோசித்துச் சொல்லாமலே, என் வாயிலிருந்து வந்தது.

“என்னால முடியலங்க.”

அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

“இது ஓடுது. இன்னும் கொஞ்ச மாசம் ஓடும். அப்பறம் வேற ஒண்ணு கெடும். நான் திரும்ப ஏறணும். எனக்கு முடியல. நான் களைச்சிப் போயிட்டேன்.”

“அப்ப போலாம்,” என்றார்.

திரும்பி அவரைப் பார்த்தேன். “எங்க?”

“நீலாய்க்கு. கவிதா வீட்டுக்கு.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “டாக்டர் சொன்னாரு, வரலன்னீங்க. மக அழுதா, வரலன்னீங்க. இப்ப எல்லாம் சரி பண்ணி முடிச்ச பெறவு போலாம்ங்கறீங்க?”

“நீ சொல்லலியே,” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். “இந்த வீடு வேணும், இந்த மரம் வேணும்னு நீதான ஆசப்பட்ட. லயத்த ஒடச்சப்ப அழுதியே. என் சீக்குக்காக ஒன்ன இங்கேருந்து கௌப்பக் கூடாதுன்னு இருந்தேன். நீ ஒரு தரம் சொல்லியிருந்தா வந்திருப்பேன்.”

லயத்தை உடைத்தபோது நான் அழுதேன்தான். அது எத்தனையோ வருடத்துக்கு முந்தி. அதற்குப் பிறகு அந்த வீட்டின் மேல் எனக்கு ஆசை இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர்தான் மரங்களை விட்டு வரமாட்டார் என்று எண்ணி நான் மலையேறிக்கொண்டிருந்தேன். நான்தான் வரமாட்டேன் என்று எண்ணி அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். அத்தனை வருடம் ஒரே கட்டிலில் படுத்தவர்கள்.

அவர் கையை நீட்டி என் தலையில் வைத்தார். முடியெல்லாம் மண். எடுக்காமல் வைத்திருந்தார். கவிதா துணி பிழிந்துவிட்டு உள்ளே வந்தவள், எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனாள்.

கிளம்பிய நாள்

அந்த வாரக் கடைசியிலேயே கிளம்பினோம். எடுத்துப் போக அதிகம் ஒன்றும் இல்லை. கொட்டகையில் வால்வை அடைத்தேன். பேட்டரி வயர்களை ஜெயபாலன் சொன்ன வரிசையில் கழற்றி வைத்தேன். டுரியான் சீசன் வந்தால் பழம் பொறுக்கிக்கொள்ளும்படி ரஹீமிடம் சொன்னோம். அவர் கூச்சப்பட்டுச் சிரித்தார். நிலம் இப்போதும் இருக்கிறது. கவிதா எப்போதாவது போய்ப் பார்த்துவிட்டு வருவாள். நான் போவதில்லை.

அவர் நீலாயில் இரண்டு தீபாவளி பார்த்தார். அடுக்குமாடி பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கீழே போகிற லோரிகளைப் பார்த்து, எது பாரம் ஏற்றியது, எது காலி என்று டயரைப் பார்த்தே சொல்வார். பிறகு ஒரு மழைநாளில் ஆஸ்பத்திரியில், அதிகம் சிரமப்படாமல் போய்ச் சேர்ந்தார். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

கிளம்பிய அன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சின்ன சிலிண்டரைக் காரின் பின்சீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் நிறுத்தி, உருளாமல் இருக்க ஒரு தலையணையை முட்டுக் கொடுத்திருந்தாள் கவிதா. கம்பெனி ஆபீஸ் தாண்டி தார்ச்சாலை வந்ததும் குலுங்கல் நின்றது. சிரம்பான் வரும்போது வழியில் நிறுத்தி அவருக்குப் பிடித்த மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தது நினைவிருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் நினைவில்லை.

கவிதா பிறகு சொன்னாள். சிரம்பான் வருவதற்குள் இருவரும் தூங்கிவிட்டோமாம். கண்ணாடியில் பார்த்தால் அப்பா தலை அம்மா தோளில், அம்மா தலை சிலிண்டரில். நீலாயில் தன் அடுக்குமாடிக்குக் கீழே வந்து சேர்ந்த பிறகும் எங்களை எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. ஏர்கோன் நின்றுவிடக் கூடாதே என்று இஞ்சினை அணைக்காமல், சிலிண்டரின் முள்ளை மட்டும் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டு, நாங்களாகவே விழிக்கிற வரைக்கும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாளாம்.